சமையலறை மேசையில் முடியும் போலீஸ் கதை

மேற்கத்தியத் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 1999-இல் ‘தி சோப்ரானோஸ்’ வந்தது; அதிலிருந்து தப்புத்தண்டா செய்யும் ஆண்களின் காலம் தொடங்கியது. மாஃபியா தலைவன், பொய்ப்பெயரில் வாழும் விளம்பரக்காரன், போதை மருந்து காய்ச்சும் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடின. பிறகு அதே கதவு பெண்களுக்கும் திறந்தது. ‘ஹோம்லேண்ட்’ கேரி மேத்திசன், ‘தி அமெரிக்கன்ஸ்’ எலிசபெத் ஜென்னிங்ஸ், ‘கில்லிங் ஈவ்’ வில்லனெல் எல்லோரும் வந்தார்கள். ஆண்கள் போட்ட பாதையில் பெண்கள் பின்னால் நடந்து வந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கேரியையும் எலிசபெத்தையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நான் பார்த்த நாடகங்களில் மனதை விட்டு அகலாத நாயகி வேறு வழியாக வந்தவள். அந்த வழி சோப்ரானோஸைவிட நாற்பது ஆண்டு பழையது. அடுப்படிப் பேச்சு, பொம்பளைங்க பார்க்கிறது என்று பெரிய விமர்சகர்கள் ஒதுக்கி வைத்த வழி. அவள் பெயர் கேத்தரின் கேவுட். தொடரின் பெயர் ‘ஹேப்பி வேலி’. (இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: கதையின் கடைசிக் காட்சிவரை இங்கே பேசப் போகிறேன்.)

பிரிட்டனின் ‘பிபிசி ஒன்’ சேனலில் 2014 ஏப்ரலில் தொடங்கியது. இரண்டாவது சீசன் 2016-இல், மூன்றாவது 2023-இல். சீசனுக்கு ஆறு, மொத்தம் பதினெட்டு எபிசோடுகள்தான். எழுதியவர் சாலி வெய்ன்ரைட். கேத்தரினாக நடித்தவர் சாரா லங்காஷர்.

முதல் எபிசோடு தொடங்குவது ஒரு சிறுவர் விளையாட்டுத் திடலில். காதலி விட்டுப்போன துக்கத்திலும் போதையிலும் ஒரு இளைஞன் உடம்பெல்லாம் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, கையில் லைட்டரோடு உட்கார்ந்திருக்கிறான். போலீஸ் சார்ஜென்ட் கேத்தரின் வருகிறாள். வருகிற வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து தீயணைப்பு சிலிண்டரையும் ஒரு கூலிங் கிளாஸையும் வாங்கிக்கொள்கிறாள். அவன் கொளுத்திக்கொண்டால் தன் புருவம் பொசுங்கக் கூடாதே என்பதற்காகக் கூலிங் கிளாஸ். பிறகு அவனிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். வயது 47. விவாகரத்து ஆனவள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் சகோதரியோடு ஒரே வீட்டில் வசிக்கிறாள். வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று பேசுவதில்லை. ஒரு பேரன் இருக்கிறான்.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு வாழ்க்கை முழுவதும் வந்துவிட்டது. அதைவிட முக்கியம், எந்த இடத்தில் வந்தது என்பது. வேலையின் நடுவே, ஒரு உயிர் ஊசலாடும்போது, ஒரு பெண் தன் குடும்ப நிலவரத்தைச் சொல்கிறாள். அதைக் கேட்டு அவன் இன்னும் கொஞ்ச நேரம் கொளுத்தாமல் இருக்கிறான். அவளுடைய வீடு அங்கே அவளுக்கு உதவுகிறது. வீட்டுக் கஷ்டம் வேலைக்கு இடைஞ்சல் என்ற பழைய சூத்திரத்தை வெய்ன்ரைட் முதல் காட்சியிலேயே ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்.

அந்தச் சூத்திரம் எவ்வளவு ஆழமாக ஊறியது என்று பார்க்க 1991-க்குப் போக வேண்டும். லிண்டா லா பிளான்ட் எழுதிய ‘பிரைம் சஸ்பெக்ட்’ அந்த ஆண்டுதான் வந்தது. ஹெலன் மிரன் நடித்த ஜேன் டென்னிசன், தனக்கு மேலே இருந்த ஆண் அதிகாரி மாரடைப்பில் இறந்ததால் ஒரு கொலை விசாரணையின் பொறுப்புக்கு வருகிறாள். அவளுக்குக் கீழே வேலை செய்ய அந்த ஆண்களுக்கு மனமில்லை. பிரிட்டிஷ் காவல்துறையில் அந்தப் பதவியில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. நாடகம் அபாரமானது, இன்று பார்த்தாலும் ஒரு காட்சிகூடப் பழசாகத் தெரியாது. ஆனால் ஜேனின் வீட்டில் என்ன நடக்கிறது? கூட வாழ்பவன் தன் தொழில் நண்பர்களுக்கு இரவு விருந்து வைக்கிறான். ஜேன் விசாரணையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வருகிறாள். கொஞ்ச நாளில் அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறான். 2006-இல் தொடர் முடியும்போது ஜேன் குடிக்கு அடிமையாகி, தனியாக, ஓய்வுபெற்றுப் போகிறாள்.

இதற்குப் பின் வந்த எத்தனையோ நாயகிகள் ஜேனின் பிள்ளைகள். டென்மார்க்கின் ‘ஃபோர்பிரிடெல்சன்’ (2007) தொடரில் சாரா லுண்ட் ஸ்வீடனுக்குக் குடிபோக மூட்டை முடிச்சோடு நிற்கிறாள். ஒரு கொலை வழக்கு அவளைப் பிடித்துக்கொள்கிறது, மகனும் காதலனும் கையை விட்டுப் போகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்காகத் தான் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை மனதில் வைத்துக்கொண்டதாக நடிகை சோஃபி கிராபல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘போர்கன்’ (2010) தொடரில் பிர்கிட்டா நூபோர் டென்மார்க்கின் பிரதமராகிறாள். அடுத்த ஆண்டே நிஜ டென்மார்க்கிலும் முதல் பெண் பிரதமர் பதவியேற்றார். நாடகத்தில் பிர்கிட்டா பதவியில் ஏற ஏற கல்யாணம் உடைகிறது, மகள் மனநலம் குன்றி மருத்துவமனைக்குப் போகிறாள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான கதை, நன்றாக எழுதப்பட்ட கதை. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கசக்கிறது. பெண் நாயகியாக வேண்டுமென்றால் வாசலில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் அவளுடைய வீடு.

இன்னொரு பக்கம், வீட்டிலேயே இருந்த பெண்களுக்கு வேறு தண்டனை கிடைத்தது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் ஸ்கைலர் வைட்டின் குற்றம், புருஷன் போதை மருந்து காய்ச்சுவதைத் தட்டிக்கேட்டதுதான். அதற்காக ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அவளை வெறுத்தார்கள். அந்த வெறுப்பு நடிகை ஆனா கன்மீதே திரும்பியது. அவர் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. கதையை ஓட்டுபவன் கணவன். மனைவி அவனுக்கு வேகத்தடை. அவள் பக்கத்தில் கேமரா உட்கார்ந்திருந்தால் அதே கதை என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் கேமரா அவள் பக்கத்தில் உட்கார்ந்த இடம் ஒன்று பிரிட்டனில் ஏற்கெனவே இருந்தது. 1960 டிசம்பர் 9 அன்று கிரனாடா தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. உருவாக்கிய டோனி வாரனுக்கு அப்போது வயது 24. மான்செஸ்டர் பக்கத்தில் பாட்டி வீட்டுப் பெண்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். அவர் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது ஒரு தொழிலாளர் தெருவையும், அந்தத் தெருவை வாயாலேயே ஆண்ட பெண்களையும்தான்: தலைமுடி வலையோடு உட்கார்ந்து ஊரையே எடைபோடும் எனா ஷார்ப்பிள்ஸ், யாருக்கும் அஞ்சாத எல்சி டேனர், மதுக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் மகாராணிபோல் நிற்கும் ஆனி வாக்கர். இளம்பெண்ணும் நடுவயதுக்காரியும் கிழவியும் ஒரே காட்சியில், ஒரே உரிமையோடு பேசினார்கள். ஆண்களும் இருந்தார்கள், கதை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

சீரியல் என்றால் நம்மில் பலர் முகம் சுளிப்பதுபோலவே பிரிட்டனிலும் இந்தத் தொடர்கள் மீது ஓர் இளக்காரம் இருந்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், இலக்கியம் பேசுகிறவர்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால் அங்கே என்ன கலை வளர்ந்தது என்பதும் சரியாகப் பதிவாகவில்லை. வாரம் முழுக்க ஓடும் தொடரில் துரத்தலுக்கும் வெடிகுண்டுக்கும் காசு கிடையாது. இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதை வைத்தே பார்வையாளரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். ஒரு கோபம் பத்து வருடம் கழித்துத் திரும்பி வரும். ஒரு பிள்ளை அதே நடிகரோடு சேர்ந்து கண்முன்னே வளரும். செத்துப்போனவர்களை யாரும் மறப்பதில்லை.

சாலி வெய்ன்ரைட் தொழில் கற்ற இடம் அதுதான். 1963-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்து, சவர்பி பிரிட்ஜில் வளர்ந்தவர். லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டே எழுதினார். ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற வானொலித் தொடருக்கு எழுதினார், பிறகு 1990-களில் கொரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்கு. சாரா லங்காஷரும் அந்தத் தெருவிலிருந்து வந்தவர்தான். 1991-லிருந்து 1996 வரை அங்கே ரக்கெல் என்ற வெகுளியான மதுக்கடைப் பணிப்பெண். வெய்ன்ரைட்டின் மற்ற இரண்டு தொடர்களான ‘ஸ்காட் அண்ட் பெய்லி’, ‘ஜென்டில்மேன் ஜாக்’ ஆகியவற்றின் நாயகி சுரான் ஜோன்ஸும் அதே தெருக்காரர். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரே பட்டறையில் கைப்பழக்கம் பெற்றவர்கள் இவர்கள்.

சரி, கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் வடக்கே, மேற்கு யார்க்‌ஷரில் கால்டர் பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் புகைபடிந்த கல்வீடுகள், நடுவே ஒரு கால்வாய், மூடிப்போன மில்கள். ஹெப்டன் பிரிட்ஜ் ஒரு காலத்தில் தடித்த பருத்தித் துணியும் கால்சட்டையும் செய்து அனுப்பிய ஊர். மில்கள் நின்றபின் 1970-களில் ஹிப்பிகளும் ஓவியர்களும் வந்து தங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து படமெடுக்கிறார்கள். அந்த அழகுக்குக் கீழே போதையும் இளவயதுச் சாவுகளும் இருந்தன. அவற்றைப் பற்றி அந்த மண்ணில் வளர்ந்த ஒருவரே எடுத்து 2009-இல் வந்த ஆவணப்படம் ஒன்று தன்னை இந்தக் கதைக்குத் தூண்டியதாக வெய்ன்ரைட் சொல்லியிருக்கிறார். அங்கே புழங்கும் போதைக்காகப் போலீஸ்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வைத்த பட்டப்பெயர்தான் தொடரின் தலைப்பு.

கேத்தரினின் மகள் பெக்கியை டாமி லீ ராய்ஸ் என்பவன் வன்புணர்வு செய்தான். பெக்கி ஒரு ஆண்குழந்தையைப் பெற்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டாள். அந்தக் குழந்தை ரயன். யார் வளர்ப்பது? கணவன் ரிச்சர்டால் அந்தப் பிள்ளையைப் பார்க்கவே முடியவில்லை, பிரிந்து போனான். துப்பறியும் பிரிவில் இருந்த கேத்தரின் அதை விட்டுவிட்டுச் சீருடைக்குத் திரும்பினாள், ரயனை வளர்த்தாள். நாடகம் தொடங்கும்போது ரயனுக்கு எட்டு வயது, ராய்ஸ் வேறு குற்றத்துக்கான சிறைத்தண்டனை முடிந்து வெளியே வந்திருக்கிறான்.

வேறு யார் எழுதியிருந்தாலும் பெக்கியின் சாவுதான் கதையாக இருந்திருக்கும். ஒரு இளம்பெண்ணின் உடல், அதைக் கண்டுபிடிக்கும் ஒரு சோகமான ஆண் அதிகாரி, அழுதுகொண்டே கதவைத் திறக்கும் அம்மாவுக்கு ஒரே ஒரு காட்சி. கதவைத் திறக்கும் அந்த அம்மாவைத்தான் வெய்ன்ரைட் நாயகியாக்கினார். சம்பவம் நடந்து எட்டு வருடம் ஆன பிறகு, அவள் பேரனை வளர்த்துக்கொண்டே டியூட்டி பார்க்கும் ஒரு நாளில் கதையைத் தொடங்கினார்.

சீருடை சார்ஜென்ட் என்ற பதவியும் யோசித்து வைத்தது. துப்பறியும் அதிகாரிக்கு ஒரு வழக்கு இருக்கும், அது முடியும். சார்ஜென்ட்டுக்குத் தெரு இருக்கும், அது முடியாது. குடித்துவிட்டு விழுந்தவன், பூட்டை உடைத்தவன், அடிவாங்கிய பெண், காணாமல்போன கிழவர் என்று எல்லாம் அவள் தலையில். வெய்ன்ரைட்டுக்கு ஆலோசகராக இருந்தவர் லிசா ஃபாரண்ட் என்ற முன்னாள் போலீஸ்காரர். அந்த வேலையின் அன்றாட அலுப்பும், அதற்கு நடுவே வெடிக்கும் சிரிப்பும் வசனத்தில் அப்படியே இறங்கியிருக்கின்றன. 1980-இல் பிபிசியின் ‘ஜூலியட் பிராவோ’ ஒரு சிற்றூர்க் காவல் நிலையத்துக்குச் சீருடைப் பெண் அதிகாரியைத் தலைமை தாங்க வைத்தது; கேத்தரின் அந்த மரபிலும் வருகிறவள்.

முதல் சீசனில் எனக்கு மிகவும் வலித்த பகுதி கர்ஸ்டன் மெக்காஸ்கில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் கான்ஸ்டபிள். யாரும் உன்னை மிரட்ட விடாதே, உறுதியாக நில் என்று கேத்தரின் அவளைக் கடிந்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் கர்ஸ்டன் தனியாக ஒரு வேனை நிறுத்துகிறாள். உறுதியாக நிற்கிறாள். வேனுக்குள் இருப்பவன் ராய்ஸ். அவளை மோதிக் கொல்கிறான். ஒரு மூத்த பெண் இளையவளுக்குச் சொன்ன நல்ல புத்தி, அந்த ஊரில், அந்த மதியத்தில் என்ன விலை பெறுகிறது என்று நாடகம் காட்டுகிறது. கேத்தரின் அந்தப் பாரத்தோடுதான் மீதிக் கதை முழுக்க நடக்கிறாள். “தைரியமாக இரு, ஜெயிப்பாய்” என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும் நாயகி நாடகங்களைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு இந்த நேர்மை பெரிய விஷயமாகப் பட்டது.

2014-இல் இந்தத் தொடரின் வன்முறை பிரிட்டிஷ் பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையானது. நான்காவது எபிசோடின் முடிவில் ராய்ஸ் கேத்தரினை அடித்துத் துவைக்கிறான். அந்த ரத்தம் பலரைக் கலங்கடித்தது. அந்தக் காட்சியைப் பார்ப்பது கஷ்டம்தான். ஆனால் அதே சீசனில் ராய்ஸ், தானும் சேர்ந்து கடத்திய ஆன் காலகர் என்ற இளம்பெண்ணை வன்புணர்வு செய்வது திரையில் வரவே இல்லை. என்ன நடந்தது என்று நமக்குப் பிறகுதான் புரிகிறது. பெண்ணின் உடம்பைக் காட்சிப்பொருளாக்கும் இடத்தில் கேமரா உள்ளே போக மறுத்தது. ஒரு போலீஸ்காரி வேலைநேரத்தில் வாங்கும் அடியைக் காட்ட மறுக்கவில்லை. அடிவாங்கி நினைவு தப்பிக் கிடக்கும் கேத்தரினை, அந்த அடி விழுந்த நிலவறையிலிருந்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வருபவள் ஆன்தான். அதோடு ஆன் கதையைவிட்டு மறைந்துபோவதில்லை. இரண்டாவது சீசனில் போலீஸில் சேர்கிறாள், மூன்றாவதில் துப்பறியும் பிரிவில் இருக்கிறாள். வலியை மறக்கவில்லை, சில இரவுகளில் குடித்துவிட்டு அழுகிறாள், மறுநாள் வேலைக்கு வருகிறாள்.

என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. அவளையும் உட்காரவைத்து இதைப் பார்க்க வைத்தேன். யார்க்‌ஷர் பேச்சு இருவருக்கும் பிடிபடவில்லை. சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தோம். கடத்தல், துரத்தல் எதற்கும் அசையாதவள், கேத்தரின் டியூட்டி முடிந்து வந்து கொல்லைப்புறப் படியில் உட்காரும் காட்சியில் நிமிர்ந்தாள். கேத்தரினின் சகோதரி கிளேர் டீ போட்டுக் கொண்டுவருகிறாள், சிகரெட் பற்றவைக்கிறாள், இருவரும் பேசுகிறார்கள். “வேலை முடிஞ்சு வர்றவளுக்கு டீ குடுத்து, என்ன ஆச்சுன்னு கேக்க ஒருத்தி இருக்கா பாரு. அதனாலதான்டி இவ பைத்தியம் பிடிக்காம இருக்கா” என்றாள் அக்கா. இத்தனை விமர்சனங்கள் படித்த எனக்கு இந்த நாடகத்தின் அச்சாணி அந்தப் படிதான் என்று முதலில் சொன்னது அவள்.

இரண்டாவது சீசனின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பையன்கள் ஒரு ஆட்டைத் திருடி, நாய்கள் அதைக் குதறி, அது சாக முடியாமல் துடித்ததை, தான் அதன் உயிரை முடிக்கவேண்டி வந்ததை, அங்கேயே ஒரு பிணமும் கிடைத்ததைக் கேத்தரின் கிளேரிடம் வரிசையாகச் சொல்கிறாள். கேட்கும்போது சிரிப்பும் குமட்டலும் சேர்ந்து வருகிறது. பெரிய பட்ஜெட் தொடர் இதை டிரோனில் படமெடுத்திருக்கும். இங்கே ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி கேட்கிறாள். சொல்கிறவளின் குரலிலேயே பயங்கரம் முழுக்க இருக்கிறது. கொரோனேஷன் ஸ்ட்ரீட் பட்டறை என்று நான் சொன்னது இதைத்தான்.

கிளேராக நடித்த ஷிவோன் ஃபினரன் இல்லாமல் கேத்தரின் இல்லை. பழைய ஹெராயின் அடிமை. குற்றவுணர்வோடும் நன்றியோடும் அந்த வீட்டில் இருக்கிறாள். ரயனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, சமைப்பது, வீட்டில் ஆள் இருப்பது எல்லாம் அவள்தான். கேத்தரின் சார்ஜென்ட்டாக இருக்க முடிவதே கிளேரின் உழைப்பால். ஆண் நாயகர்களின் மனைவிமார் செய்த அதே வேலை. இங்கே மட்டும் அந்த வேலை திரையில் தெரிகிறது, அதைச் செய்கிறவளுக்கு ஒரு மனசு இருக்கிறது, அந்த மனசு தவறும் செய்கிறது.

மூன்றாவது சீசன் அந்தத் தவறைப் பற்றியது. ரயனுக்குத் தன் அப்பாவைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயது வரட்டும் என்று வெய்ன்ரைட் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்; அதே சிறுவன் ரீஸ் கானாவை வளர்ந்த பையனாக மறுபடி நடிக்கவைத்தார். தொலைக்காட்சியில் இவ்வளவு பொறுமை எனக்குத் தெரிந்து அபூர்வம். ரயன் ஷெஃபீல்ட் சிறையில் ராய்ஸைப் போய்ப் பார்த்துவருகிறான். கூட்டிக்கொண்டு போகிறவள் கிளேர். கேத்தரினுக்குத் தெரியாமல். சந்தேகம் வந்து பின்தொடரும் கேத்தரின், ஒரு கஃபேயின் கண்ணாடிக்கு வெளியே நின்று கிளேருக்கு போன் செய்கிறாள். கிளேர் வேறு எங்கோ இருப்பதாகப் பொய் சொல்கிறாள். கேத்தரின் உள்ளே போகிறாள். நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த இரண்டு பெண்களும் பேசும் அந்த நிமிடங்கள், தொடரின் எந்தச் சண்டைக் காட்சியைவிடவும் என்னை உலுக்கின. மகளின் சாவுக்குக் காரணமானவனைவிட, டீ போட்டுக்கொடுத்தவள் செய்த துரோகம் கேத்தரினை ஆழமாக வெட்டுகிறது. இந்தக் கோபத்தில் கேத்தரின் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. பையனுக்கு அப்பாவைப் பற்றி ஓர் ஏக்கம் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளவே அவளால் முடியவில்லை. கிளேருக்கு அது புரிந்திருந்தது. இருவர் பக்கமும் நான் மாறி மாறிச் சாய்ந்தேன், இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

எல்லாம் சரியாக அமைந்த தொடர் என்று சொல்லமாட்டேன். மூன்றாவது சீசனில் மருந்துக்கடைக்காரர் ஃபைசலும், கணவனிடம் வதைபடும் ஜோவன்னாவும் வரும் கிளைக்கதை அரைகுறை. ஜோவன்னா கொல்லப்படுகிறாள், அந்தக் கொலையின் முடிச்சைக் கேத்தரின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியில் அவிழ்த்துவிடுகிறாள். பெக்கிக்கும் ஆனுக்கும் கர்ஸ்டனுக்கும் கிடைத்த அக்கறை ஜோவன்னாவுக்குக் கிடைக்கவில்லை. ஃபைசல் தெற்காசியக் குடும்பத்தவர். அவருக்கு அவருடைய வீட்டுக்குள்ளிருந்து இன்னும் நான்கு காட்சிகள் தந்திருக்கலாம். இவ்வளவு கவனமாக எழுதுகிறவர் இதை விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அமெரிக்காவிலும் வீட்டையும் வேலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முயற்சிகள் உண்டு. 1982-இல் தொடங்கிய ‘காக்னி அண்ட் லேசி’ தொடரில் மேரி பெத் லேசி போலீஸ் வேலையும் பார்க்கிறாள், புருஷன் பிள்ளைகளோடும் இருக்கிறாள். நடிகை டைன் டேலி நிஜமாகவே கர்ப்பமானபோது அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கு அந்தப் பெண்கள் போதிய மென்மையாக இல்லை என்ற குறை இருந்தது. முதல் சில எபிசோடுகளுக்குப் பிறகு காக்னியாக நடித்த மெக் ஃபாஸ்டரை எடுத்துவிட்டு ஷரன் கிளெஸ்ஸைப் போட்டார்கள். 1983-இல் தொடரையே நிறுத்தினார்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததில் அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. நாயகியின் முகம் எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதை முடிவுசெய்தது நிறுவனம்.

இந்தப் பஞ்சாயத்து ஓயவில்லை. 2021-இல் ஹெச்பிஓவில் வந்த ‘மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்’ கேத்தரினுக்கு மிக நெருங்கிய சொந்தம்: பென்சில்வேனியாச் சிற்றூர், மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த துப்பறியும் அதிகாரி, அவள் வளர்க்கும் பேரன், வீட்டில் வாயாடி அம்மா. ஒரு படுக்கையறைக் காட்சியில் தொப்பை தெரியாமல் சரிசெய்துவிடுவதாக இயக்குநர் சொன்னபோது மேராக நடித்த கேட் வின்ஸ்லெட் மறுத்துவிட்டார். சுவரொட்டியில் முகச் சுருக்கங்களை அழித்திருந்ததால் அதையும் திருப்பி அனுப்பினார். நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் அவரே சொன்னது இது. ஹேப்பி வேலி தொடங்கியபோது லங்காஷருக்கு வயது 49. மஞ்சள் நிற போலீஸ் ஜாக்கெட், கலைந்த தலை, தூங்காத கண். அந்த முகத்தை அழகாக்க யாரும் முயலவில்லை. ஆறு எபிசோடுகளை ஒரே கை எழுதும் பிரிட்டிஷ் முறைக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இறுதி எபிசோடு 2023 பிப்ரவரி 5 அன்று வந்தது. சிறையிலிருந்து தப்பிய ராய்ஸ் கேத்தரினின் வீட்டுக்கே வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறான். அவள் டியூட்டி முடிந்து வீடு திரும்புகிறாள். மலையுச்சியில் துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அவள் வருவதற்குள் அவன் வீட்டிலிருந்த போட்டோ ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். ரயன் சின்னப் பிள்ளையாக, பிறந்தநாளில், விடுமுறையில், சிரித்துக்கொண்டு. தன் மகனைத் தன்னிடமிருந்து பிரித்த கொடுமைக்காரி என்று இத்தனை ஆண்டும் நினைத்து வெறுத்தவள், அந்தப் பையனுக்கு நல்ல வாழ்க்கை கொடுத்திருக்கிறாள் என்பதை அவன் அந்த ஆல்பத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறான். அவளைக் கொல்லும் எண்ணம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

ஒரு பாட்டி வருடக்கணக்கில் எடுத்து ஒட்டிவைத்த படங்கள். சமையல், துவையல், ஸ்கூல், காய்ச்சல் இரவுகள் எல்லாவற்றுக்கும் எஞ்சிய ஒரே சாட்சி. கதையின் மிகப்பெரிய மோதலில் வெல்லும் ஆயுதமாக அதை வைக்கும் துணிச்சல், தொலைக்காட்சியில் யாருக்கு வந்திருக்கும்? சமையலறையில் நடப்பதும் வரலாறுதான் என்று இளம்வயதிலேயே நம்பிய ஒருவருக்குத்தான். அது ஒளிபரப்பான இரவு பிரிட்டனில் 75 லட்சம் பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு லங்காஷருக்கு இந்தப் பாத்திரத்துக்காக இரண்டாவது முறையாக பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

பார்க்கத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பாருங்கள். மூன்றாவது நன்றாக இருக்கிறதாமே என்று அங்கே தாவினால் கஃபே காட்சி உங்களை ஒன்றும் செய்யாது. வன்முறை தாங்காதவர்கள் வெய்ன்ரைட்டின் ‘லாஸ்ட் டேங்கோ இன் ஹாலிஃபாக்ஸ்’ தொடரிலிருந்து தொடங்கலாம்: எழுபது வயதைத் தாண்டிய இருவர் தங்கள் பள்ளிக்காலக் காதலுக்குத் திரும்புகிறார்கள், அதை அவர்களின் மகள்கள் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. விதவையான தன் அம்மாவின் இரண்டாவது திருமணத்திலிருந்து அவர் எடுத்த கதை. அதிலும் லங்காஷர் இருக்கிறார், பள்ளித் தலைமையாசிரியையாக. 2025 அக்டோபரில் பிபிசியில் வந்த ‘ரயட் விமன்’ தொடரில் மாதவிடாய் நிற்கும் வயதிலிருக்கும் ஐந்து பெண்கள் ஹெப்டன் பிரிட்ஜில் ஒரு பங்க் இசைக்குழு தொடங்குகிறார்கள். அதை அக்காவோடு சேர்ந்து பார்ப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்குப் பள்ளித் தேர்வுகள் முடியட்டும்.